கோதுமையை நிறுத்தினேன், இப்போது மறுபடி சாப்பிடச் சொல்கிறார்கள்

கேள்வி:

எனக்கு வயது 38. திருப்பூரில் இருக்கிறேன். மூன்று வருடமாகச் சாப்பிட்டு முடித்ததும் வயிறு உப்பிக்கொள்கிறது. சில நாள் பேதி, சில நாள் மலச்சிக்கல். எப்போது பார்த்தாலும் அசதி. இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் 9-ஐத் தாண்டவில்லை. வீட்டுக்காரருக்குச் சர்க்கரை என்பதால் ஐந்தாறு வருடமாக இரவில் எல்லோருக்கும் சப்பாத்திதான். யூடியூபில் ஒருவர் குளூட்டன் பற்றிப் பேசியதைக் கேட்டு, நான்கு மாதமாகக் கோதுமை, மைதா, ரவை எதையும் தொடுவதில்லை. வயிறு பாதி சரியாகிவிட்டது. மீதிப் பாதி அப்படியே இருக்கிறது. என் தங்கை, கணவரின் பனியன் கம்பெனி வேலைக்காக லூதியானாவில் குடியிருக்கிறாள். அவளுக்குப் போன வருடம் சீலியாக் நோய் என்று கண்டுபிடித்தார்கள். இங்கே டாக்டரிடம் போனால், "மறுபடி கோதுமை சாப்பிட்டுவிட்டு வாருங்கள், அப்புறம்தான் டெஸ்ட்" என்கிறார். கொஞ்சம் தேறியிருப்பதை நானே ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்? இப்படியே இருந்துவிட்டால் போதாதா? இருநூறு உணவுகளில் எது ஒத்துக்கொள்ளாது என்று ஒரே ரத்தப் பரிசோதனையில் சொல்வதாக ஆன்லைனில் விளம்பரம் வருகிறது. அதைச் செய்துகொள்ளலாமா? ஒன்பது வயது மகளுக்கும் கோதுமையை நிறுத்திவிடட்டுமா? மாமியார் "இதெல்லாம் பணக்கார வியாதி" என்கிறார்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

இரைப்பை, குடல் நோய் மருத்துவரின் பதில்:

தங்கைக்கு நோய் உறுதியானதைக் கடிதத்தின் நடுவே போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்குவேன். வயிறு உப்புசம் என்று மட்டும் சொல்லிக்கொண்டு வருகிற ஒருவருக்கு, அதுவும் தமிழ்நாட்டில், சீலியாக் இருக்கும் என்று எடுத்த எடுப்பில் நான் நினைப்பதில்லை. உங்கள் நிலைமை வேறு. உடன்பிறந்தவருக்குச் சீலியாக் இருந்தால் மற்றவருக்கும் இருக்கக்கூடிய வாய்ப்பு நூற்றுக்கு எட்டு, ஒன்பது வரை போகிறது. அதோடு மாத்திரைக்கு அசையாத ரத்தசோகை வேறு. இரும்புச்சத்தைக் குடல் உறிஞ்சிக்கொள்வது பெரும்பாலும் சிறுகுடலின் தொடக்கப் பகுதியில். சீலியாக் முதலில் கைவைப்பதும் அதே இடத்தில்தான். ஆகவே உங்கள் டாக்டர் சொன்னது சரி. பரிசோதனை வேண்டும், அதற்குக் கோதுமையும் வேண்டியிருக்கலாம்.

கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லும்போது மூன்று வேறு வேறு சங்கதிகளை ஒரே பெயரில் கூப்பிடுகிறோம். சீலியாக் என்பது உடலின் நோய் எதிர்ப்பாற்றல் சொந்தக் குடலையே தாக்குகிற நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதத்தைத்தான் குளூட்டன் என்கிறோம். அது வயிற்றில் முழுதாகச் செரிப்பதில்லை. மிஞ்சுகிற துண்டுகளைப் பகை என்று எண்ணிச் சிலருடைய உடல் போருக்குக் கிளம்புகிறது. அடி விழுவது சிறுகுடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகளின் மேல். பூந்துவாலையில் நூல் வளையங்கள் தேய்ந்து மொட்டைத் துணியாகிவிட்டால் அது தண்ணீரை உறிஞ்சுமா? திருப்பூர்க்காரருக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. இரும்பு, கால்சியம், ஃபோலிக் அமிலம் எல்லாம் உள்ளே போகாமல் கழிந்துவிடும். இரண்டாவது, கோதுமை அலர்ஜி. சாப்பிட்ட சிறிது நேரத்திலேயே தடிப்பு, உதட்டு வீக்கம், மூச்சுத்திணறல் என்று காட்டிவிடும். உங்களுக்கு இருப்பது அதுவல்ல. மூன்றாவது, சீலியாக்கும் இல்லை, அலர்ஜியும் இல்லை, ஆனாலும் கோதுமை சாப்பிட்டால் தொந்தரவு என்ற வகை. இதற்கென்று எந்த ரத்தப் பரிசோதனையும் கிடையாது. முதல் இரண்டும் இல்லை என்று தெரிந்த பிறகே இந்தப் பெயரை வைக்கலாம்.

சீலியாக்குக்குக் கோதுமைதான் காரணம் என்பதே மருத்துவத்துக்குத் தாமதமாகத் தெரிந்த விஷயம். வில்லெம் டிக்கே என்ற நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர் 1930-களிலேயே சந்தேகப்பட்டார். இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944-45 குளிர்காலத்தில், அந்த நாட்டில் பெரும் பஞ்சம், ரொட்டியே கிடைக்கவில்லை. ஊரே பட்டினியில் வாடியபோது இந்த நோய்க் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். 1950-இல் அவர் தம் ஆய்வேட்டில் இதை நிறுவினார். அதற்கு முன்பு வாழைப்பழமாகக் கொடுத்து இந்தக் குழந்தைகளை வளர்த்த காலமும் உண்டு.

நீங்களும் தங்கையும் ஒரே பெற்றோரின் பிள்ளைகள். பிறகு ஏன் அவளுக்கு மட்டும் முதலில் தெரியவந்தது? இந்தியாவில் 23,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே உதவும். சீலியாக் வருவதற்கு எச்.எல்.ஏ. டிக்யூ2 அல்லது டிக்யூ8 என்ற மரபணு வகை இருந்தாக வேண்டும். இது வட இந்தியாவில் நூற்றுக்கு 38 பேரிடமும் தென்னிந்தியாவில் 36 பேரிடமும் இருந்தது. ஏறக்குறைய சமம். நோயோ வடக்கே ஆயிரத்துக்கு எட்டரைப் பேருக்கு. தெற்கே பத்தாயிரத்துக்கு ஒருவர் என்ற கணக்கு. சாப்பிடும் கோதுமையைப் பார்த்தால் வடக்கே ஒருவருக்கு ஒரு நாளைக்கு 455 கிராம், தெற்கே 25 கிராம். கோதுமையின் அளவு மட்டுமே முழுக் காரணம் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. என்றாலும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாமல் போகவும் முடியாது.

நம் பக்கத்துச் சீலியாக் எண்ணிக்கை குறைவு என்பதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. இங்கே பல மருத்துவர்களுக்கு இந்த நோய் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. இதற்கிடையே நாம் சாப்பிடுவதும் மாறிக்கொண்டு வருகிறது. வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை வந்தால் இரவுச் சோறு போய்ச் சப்பாத்தி வந்துவிடுகிறது. (கேட்காமலே ஒன்று சொல்கிறேன்: சர்க்கரைக்குச் சப்பாத்தி மருந்தாகிவிடாது. எத்தனை சாப்பிடுகிறோம், கூட என்ன காய் என்பதுதான் கணக்கு. நான்கு சப்பாத்தியும் உருளைக்கிழங்கு குருமாவும் சாப்பிட்டால் அளவாகச் சாப்பிடும் சோறே மேல்.) உங்கள் வீட்டில் சப்பாத்தி தினசரி உணவாகி ஐந்தாறு வருடம், தொந்தரவு தொடங்கி மூன்று வருடம். இதை வைத்து எதையும் முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் உங்கள் டாக்டரிடம் சொல்ல வேண்டிய தகவல் இது.

நிறுத்தியதும் பாதி குணம் தெரிந்ததே, அதுவே சாட்சி ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகாது. கோதுமையில் குளூட்டனோடு ஃப்ரக்டான் என்ற மாவுச்சத்தும் இருக்கிறது. நம் சிறுகுடலால் அதைச் செரிக்க முடியாது. பெருங்குடலுக்குப் போனதும் அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்துக் காற்றாக்கும். நார்வேயில் 59 பேருக்கு வெவ்வேறு வாரங்களில், உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல், குளூட்டன் கலந்தது, ஃப்ரக்டான் கலந்தது, இரண்டும் இல்லாதது என மூன்று வகைத் தின்பண்டம் கொடுத்தார்கள். எல்லோரும் தங்களுக்குக் குளூட்டன் ஆகாது என்று சொல்லிக் கோதுமையை ஒதுக்கியவர்கள். யாருக்கும் சீலியாக் இல்லை. 2018-இல் முடிவு வெளியானபோது, வயிற்றைக் கூடுதலாகப் படுத்தியது ஃப்ரக்டான் என்று தெரிந்தது. இந்த ஃப்ரக்டான் வேறு எதில் நிறைய உண்டு தெரியுமா? வெங்காயத்திலும் பூண்டிலும். கோதுமையை விட்டவர் சின்ன வெங்காயச் சாம்பாரையும் பூண்டுக் குழம்பையும் விட்டிருக்க மாட்டார். பருப்பு, சுண்டலுக்கும் காற்றைக் கிளப்பும் குணம் உண்டு. மீதிப் பாதி உப்புசம் அங்கிருந்தும் வரலாம், பாலிலிருந்தும் வரலாம், சீலியாக்கிலிருந்தும் வரலாம். எதிலிருந்து என்று வயிற்றைத் தடவிப் பார்த்துச் சொல்ல முடியாது.

அதனால்தான் பரிசோதனை. முதல் படி, டிடிஜி-ஐஜிஏ என்ற எதிரணுவைத் தேடும் ரத்தப் பரிசோதனை. கூடவே உடலில் மொத்த ஐஜிஏ எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே ஐஜிஏ குறைவாக இருக்கும். அவர்களுக்கு நோய் இருந்தாலும் முதல் பரிசோதனை "இல்லை" என்று சொல்லிவிடும். சீலியாக் உள்ளவர்களிடையே இந்தக் குறைபாடு மற்றவர்களைவிட அதிகம். ரத்தத்தில் சந்தேகம் வந்தால் எண்டோஸ்கோப்பி செய்து, சிறுகுடலின் தொடக்கத்தில் குறைந்தது நான்கைந்து இடங்களில் சிறு துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள்.

இந்த இரண்டு சோதனைகளும் நீங்கள் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் உண்மை பேசும். நிறுத்திய பிறகு எதிரணுக்கள் மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே வரும், குடலும் ஆறத் தொடங்கும். உங்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. நான்கு மாதம்தான் ஆகிறது என்பதால், இப்போதைய நிலையிலேயே ஒருமுறை டிடிஜி எடுத்துப் பாருங்கள். இன்னும் நன்றாக உயர்ந்திருந்தால் கோதுமைக்குத் திரும்பாமலே அடுத்த படிக்குப் போகலாமா என்று உங்கள் மருத்துவர் முடிவு செய்வார். இயல்பு என்று வந்தால் அதை நம்பி இருந்துவிடாதீர்கள். அப்போது மரபணுச் சோதனை ஒன்று இருக்கிறது. செலவு கூடுதல், ஆனால் என்ன சாப்பிடுகிறோம் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டிக்யூ2, டிக்யூ8 இரண்டும் இல்லை என்று வந்தால் சீலியாக்கை ஏறக்குறைய மறந்துவிடலாம். இருக்கிறது என்று வந்தால் அது நோய்க்குச் சான்றாகாது. மரபணு இருப்பவர்களில் மிகச் சிலருக்கே நோய் வருகிறது. அப்போதுதான் கோதுமையை மறுபடி சாப்பிட வேண்டிவரும். தினமும் ஒரு வேளைக்கு மேல், ஆறு வாரமாவது, மருத்துவரின் கண்காணிப்பில். ஒரு சப்பாத்தியில் சுமார் இரண்டு மூன்று கிராம் குளூட்டன் இருக்கும். நாளைக்கு இரண்டு சப்பாத்தி தாராளம். தாங்கவே முடியாவிட்டால் இரண்டு வாரத்திலேயே சோதித்துவிடுவதும் உண்டு. கர்ப்பமாக இருந்தால் இந்தப் பரீட்சையைத் தள்ளிப்போடுங்கள்.

எண்டோஸ்கோப்பி பற்றி ஒரு எச்சரிக்கை. குடலுறிஞ்சிகள் தேய்ந்திருந்தால் சீலியாக்தான் என்று நம் ஊரில் உடனே சொல்லிவிடக் கூடாது. 1960-களில் வேலூரைச் சுற்றியிருந்த கிராமங்களில் வெப்பமண்டல ஸ்ப்ரூ என்ற நோய் கூட்டம் கூட்டமாகப் பரவியது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் மாத்தனும் அதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். அதிலும் குடலுறிஞ்சிகள் தேயும், ரத்தசோகை வரும், எடை குறையும். ஆனால் அதற்குக் கோதுமையோடு உறவில்லை. ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும் சில மாதம் கொடுத்தால் குணமாகிவிடும். ஜியார்டியா என்ற ஒட்டுண்ணியும் இதேபோல் ஏமாற்றும். ரத்தப் பரிசோதனையும் திசுச் சோதனையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால்தான் வாழ்நாள் பத்தியம் விதிக்க வேண்டும்.

இருநூறு உணவுக்கான ஆன்லைன் பரிசோதனைக்குப் பணம் கட்டாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை பார்ப்பது ஐஜிஜி என்ற எதிரணுவை. நீங்கள் அந்த உணவைச் சாப்பிட்டுப் பழகியிருக்கிறீர்கள் என்பதைத்தான் அது பெரும்பாலும் காட்டும், ஒத்துக்கொள்ளாததைக் காட்டாது. அலர்ஜி மருத்துவர்களின் சர்வதேச அமைப்புகள் இதை வேண்டாம் என்றே சொல்லியிருக்கின்றன. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கத்தரிக்காய், முட்டை, பால், நிலக்கடலை எல்லாவற்றையும் விட்டுவிட்டு எலும்பும் தோலுமாக வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

மகளுக்கு இப்போது எதையும் நிறுத்தாதீர்கள். அவளுக்குச் சித்திதான் நோயாளி. தாய்க்கு இருக்கிறதா என்பது இன்னும் தெரியவில்லை. உங்களுக்கு உறுதியானால் அவளுக்கும் அதே ரத்தப் பரிசோதனை, அவள் வழக்கம்போல் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே. வயதுக்கேற்ற உயரமும் எடையும் ஏறாமல் இருந்தால் மட்டும் அதுவரை காத்திருக்க வேண்டாம்.

சீலியாக் என்று உறுதியானால் என்ன? பத்தியம்தான் மருந்து, வாழ்நாள் முழுவதும். கவனிக்காமல் விட்டால் எலும்பு தேயும், கருத்தரிப்பில் சிக்கல் வரலாம், அபூர்வமாகச் சிறுகுடலில் லிம்போமா என்ற புற்றுநோயும் வரலாம். எவ்வளவு குளூட்டன் கெடுதல் என்று பார்த்த ஓர் ஆய்வில், நாள்தோறும் 50 மில்லிகிராம் மூன்று மாதம் உள்ளே போனாலே குடல் கெடத் தொடங்கியது. அரை கிராம் மைதாவிலேயே ஏறத்தாழ அவ்வளவு இருக்கும். "கொஞ்சமாச் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது" என்று பந்தியில் வற்புறுத்துகிற அத்தைக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

நம் சமையலறையில் கோதுமை பல பெயர்களில் குடியிருக்கிறது. ரவை, சேமியா, மைதா, சம்பா ரவை எல்லோருக்கும் தெரியும். தெரியாதது பெருங்காயம். கடையில் விற்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம்; பிசினோடு மைதாவோ கோதுமை மாவோ கலந்தது. சாம்பார், ரசம், மோர், ஊறுகாய் என்று தினமும் நாலைந்து வழியாக அது உள்ளே போகும். அரிசி மாவு கலந்ததும் கிடைக்கிறது. பொட்டலத்தைத் திருப்பி, உள்ளிருப்பவை என்ற பகுதியைப் படியுங்கள். கடையில் வாங்கும் சாம்பார் பொடி, ரசப் பொடியிலும் இதே பெருங்காயம் இருக்கும். ஹார்லிக்ஸ், போர்ன்விட்டா போன்ற மால்ட் பானங்களில் பார்லி இருக்கிறது. சோயா சாஸில் கோதுமை. திருநெல்வேலி அல்வா கோதுமைப் பாலில் கிண்டுவது. கத்தோலிக்க வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: நற்கருணை அப்பமும் கோதுமைதான், முற்றிலும் குளூட்டன் நீக்கியதைத் திருச்சபை ஏற்பதில்லை, மிகக் குறைந்த குளூட்டன் உள்ளதை ஏற்கிறது. பங்குத்தந்தையிடம் கேளுங்கள்.

அதைவிடப் பெரிய கண்ணி மாவு மில். கம்பு, கேழ்வரகு, சோளம், தினை, சாமை எதிலும் குளூட்டன் இல்லை. ஆனால் உங்களுக்கு முன்னால் நின்றவர் கோதுமை அரைத்திருந்தால் உங்கள் கேழ்வரகு மாவில் அவருடைய கோதுமை கொஞ்சம் வந்துவிடும். முழுத் தானியமாக வாங்கி, பொறுக்கி, கழுவிக் காயவைத்து, வீட்டு மிக்சியில் அரைத்துக்கொள்வது நல்லது. சலிக்கும் சல்லடை உங்களுக்கென்று தனியாக இருக்கட்டும். அதன் கண்களில் ஒட்டிய மாவு எத்தனை கழுவினாலும் போகாது. வீட்டில் மற்றவர்களுக்குச் சப்பாத்தி தொடரலாம். தேய்க்கும் பலகை, குழவி, தோசைக்கல் மட்டும் வேறு வேறாக இருக்க வேண்டும். உங்கள் சமையலை முதலில் முடித்துவிடுங்கள். ஓட்ஸில் இயல்பாகக் குளூட்டன் இல்லையென்றாலும் பெரும்பாலும் கோதுமை கலந்தே வரும். பொட்டலத்தில் குளூட்டன் இல்லாதது என்று அச்சிட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். அப்படி அச்சிட்ட பிஸ்கட்டும் ரொட்டியும் விலை அதிகம், நார்ச்சத்து குறைவு. அவை இல்லாமலே நம்மால் வாழ முடியும்.

ஹோட்டலில் இட்லி, இடியாப்பம், ஆப்பம் போன்றவை பெரும்பாலும் தைரியமாகச் சாப்பிடக்கூடியவை; தொட்டுக்கொள்ளச் சட்னி நல்லது. தோசை என்றால் அதே கல்லில் பரோட்டாவோ ரவா தோசையோ போடுகிறார்களா என்று பாருங்கள். வடை அரிசியும் உளுந்துமாக இருந்தாலும் பூரி பொரித்த எண்ணெயில் பொரித்தால் பயனில்லை. காலிஃபிளவர் சில்லி வகையறாவில் மைதா நிச்சயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பந்தியில் கேசரியும் சேமியா பாயசமும் தள்ளி வையுங்கள். கோயிலில் சர்க்கரைப் பொங்கலுக்குத் தடையில்லை.

மாமியார் சொல்லும் பணக்கார வியாதிக்கு இதிலேயே பதில் இருக்கிறது. இந்த நோய்க்கு வேண்டிய அடிப்படை உணவு தமிழ்நாட்டு ரேஷன் கடையில் இலவசமாகக் கிடைக்கிற அரிசி. கஷ்டம் உங்கள் தங்கைக்குத்தான். காலை பராத்தா, மதியம் ரொட்டி, இரவும் ரொட்டி என்ற ஊரில் அவள் ஒருத்தி மட்டும் விலகி நிற்க வேண்டும். நவராத்திரி விரதத்துக்கென்று அங்கே விற்கும் குட்டு மாவு, சிங்காடா மாவு, குதிரைவாலி அரிசி இவற்றில் குளூட்டன் கிடையாது. அரைத்த இடம் சுத்தமா என்று மட்டும் விசாரிக்கச் சொல்லுங்கள்.

சீலியாக் இல்லை என்று வந்தால் இந்தக் கெடுபிடி எதுவும் வேண்டாம். கோதுமையைக் குறைத்து, வெங்காயம், பூண்டு, பால் ஒவ்வொன்றையும் சில வாரம் நிறுத்தி, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து எது படுத்துகிறது என்று கண்டுபிடிக்கலாம். உணவியல் நிபுணர் ஒருவர் கூட இருந்தால் எளிது. அப்போது சாம்பாரில் ஒரு சிட்டிகைப் பெருங்காயத்துக்குப் பயப்பட வேண்டியதும் இல்லை.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சீலியாக் கிடையாது. ரத்தம் எடுக்கும்போதே ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, தைராய்டு இவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரையைக் காபி, டீயோடு சாப்பிடும் பழக்கம் இருந்தால் அதையும், மாதவிடாயில் போக்கு அதிகமாக இருந்தால் அதையும் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.